ஒரே அலைவரிசை

மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து அம்மா வடாம் பிழிந்திருப்பாள். அந்த வேட்டியின் கடைசி ஓரத்தில், காக்காய் சீந்தாது என்ற தைரியத்தில், நாங்கள் ஆறு பென்டார்ச் பேட்டரிகளை வரிசையாகப் படுக்கவைத்திருப்போம். தீர்ந்துபோன பேட்டரியை ஒரு மத்தியானம் சித்திரை வெயிலில் போட்டு எடுத்தால் இன்னும் ஐந்து நிமிஷம் ஓடும் என்பது சித்திரக்குளத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த சங்கதி. உங்கள் ஊரிலும் இது இருந்திருக்கும். டிரான்சிஸ்டர் பேட்டரியையோ டார்ச் கட்டையையோ நீங்களும் வெயிலில் காயப்போட்டிருப்பீர்கள், பல்லால் லேசாகக் கடித்தும் பார்த்திருப்பீர்கள். உண்மையிலேயே ஓடியது. சூடு பட்டால் உள்ளே இருக்கிற ரசாயனம் கொஞ்ச நேரம் விழித்துக்கொள்ளும் என்று பிற்பாடு படித்தேன். ஆனால் எங்களுக்கு அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுத்தது கபாலீஸ்வரர் கோபுரத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்த சூரியன்தான்.

அந்த ஆறு பேட்டரியும் ஒரே ஒரு சிவப்புக் காருக்கு. 1985-ஆம் வருஷம், பொம்மை வாங்க மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்து, போவதற்குள் மே மாதக் கடைசியில் அந்தக் கட்டடமே தீயில் போன வருஷம். தெருக்கோடி வீட்டு நண்பனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியபோது, பெட்டிக்குள் கோடாலித் தைலத்துக்கும் நைலெக்ஸ் புடவைக்கும் நடுவில் அது இருந்தது. ரிமோட் கார் என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் முளைக்கிற கடைகளில் ஒயர் வைத்த கார் விற்பார்கள். இரண்டு முழ ஒயரின் மறுமுனையில் ஒரு பொத்தான் பெட்டி இருக்கும், கார் எங்கே போனாலும் குனிந்தபடி நாமும் கூடவே ஓட வேண்டும். அதற்கும் முன்னால், கோடை விடுமுறையில் பாட்டி ஊருக்குப் போனால் நுங்கு வண்டி: நுங்கு தின்று முடித்த இரண்டு பனங்காய், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. அதுவும் நாம் கூடவே ஓடுகிற வண்டிதான். இந்தச் சிவப்புக் காரில்தான் முதல்முறையாக வண்டி ஓடியது, நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம். அப்படி நிற்கக் காலுக்குத் தெரியவில்லை. முதல் வாரம் முழுக்க ரிமோட்டைப் பிடித்தவனும் காரோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தான்.

மயிலாப்பூர்ப் பழைய வீடுகளின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிற்கவைத்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத சரிவு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு காருக்குத் தெரியும். துவைக்கிற கல்லிலிருந்து புறப்பட்டு, டிவி ஆன்டெனா கம்பத்தைச் சுற்றி, கைப்பிடிச் சுவரோரமாகத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் இறக்கத்தில் பாய்ந்து, அங்கே திரும்பி மேடேறித் துவைக்கிற கல்லுக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரவுண்டு. அந்தக் காரில் பாதி வேகம் என்பது கிடையாது, நின்றால் நிற்கும், விட்டால் முழு வேகம். முன்சக்கரமும் அப்படியே, முழு இடது அல்லது முழு வலது. ஆகவே பொத்தானைத் தட்டித் தட்டித்தான் வளைக்க வேண்டும், மிருதங்கம் பழகுகிற பையன் விரலைத் தட்டுகிற மாதிரி. எந்த ஓட்டின் மூலை பெயர்ந்திருக்கிறது, எங்கே பாசி படிந்து வழுக்கும் என்பது எங்களுக்கு இருட்டிலும் தெரியும்.

கார் ஒன்று, பையன்கள் எட்டுப் பேர். பந்தயம் எப்படி நடத்துவது? நண்பனுடைய அண்ணாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கெஞ்சி வாங்கி, விநாடி முள்ளைப் பார்த்து, ஒவ்வொருவனுக்கும் ஒரு ரவுண்டு ஓடவிட்டு, எடுத்துக்கொண்ட விநாடியைக் கைப்பிடிச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதுவோம். சுவரில் இடித்தவனுக்கு அடுத்த முறை கிடையாது. ஒருவன் ஓட்டும்போது ஏழு பேர் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த ஏழு பேரும் தங்கள் விரலையும் அசைத்துக்கொண்டிருப்போம். என் முறை வந்து ரிமோட்டை வாங்கும்போது அது முந்தினவனின் உள்ளங்கைச் சூட்டோடு, கொஞ்சம் வேர்வையோடு வரும். நீளமான ஆன்டெனாவை ஒருமுறை முழுக்க இழுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம்; முன்னவன் இழுத்துவிட்டுத்தான் போயிருப்பான், இருந்தாலும் நாமும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் 34 விநாடியில் முடித்தேன். அந்த எண் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வரைக்கும் சுவரில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய எந்த மதிப்பெண்ணையும் அவ்வளவு தடவை நான் போய்ப் பார்த்ததில்லை.

நவராத்திரி வந்தால் ஒன்பது நாளைக்குப் பந்தயம் கிடையாது. நண்பனின் அம்மா காரை வாங்கிக் கொலுவில் வைத்துவிடுவார். மணல் பரப்பி, கண்ணாடித் துண்டை வைத்துக் குளமாக்கி, கேழ்வரகு முளைக்கவைத்துப் புல்வெளி பண்ணிய பார்க்கில், செட்டியார் பொம்மை தம்பதி கடைக்குப் பக்கத்தில் எங்கள் சிவப்புக் கார் அசையாமல் நிற்கும். சுண்டலுக்குப் போகிற சாக்கில் எட்டுப் பேரும் தினமும் அதைப் பார்த்துவிட்டு வருவோம். விஜயதசமிக்கு மறுநாள் அது மணல் ஒட்டிய சக்கரத்தோடு மாடி ஏறும்போது கிடைத்த சந்தோஷத்துக்கு, இப்போது யோசித்தால், அந்த ஒன்பது நாள் காத்திருப்புதான் பாதிக் காரணம்.

அடுத்த வருஷம் எதிர்வீட்டுப் பையனுக்குத் துபாயிலிருந்து ஒரு மஞ்சள் கார் வந்தது. இனிமேல் இரண்டு கார், நிஜமான பந்தயம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போனோம். சிவப்புக்காரன் பொத்தானை அழுத்தினான். சிவப்பு புறப்பட்டது, மஞ்சளும் புறப்பட்டது. மஞ்சள்காரன் பதறி இடது பக்கம் திருப்பினான்; இரண்டும் இடது பக்கம் திரும்பின. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வெவ்வேறு பக்கம் அழுத்தியபோது இரண்டு காரும் பேய் பிடித்த மாதிரி உதறி நின்றன. பெட்டியைப் புரட்டிப் பார்த்தால் இரண்டிலும் 27 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது. அன்றைய ரிமோட் பொம்மைகளில் பாதி அதில்தான் பேசும், மீதி 49-இல். ஒரே ஊசிவெடிச் சத்தத்துக்கு இரண்டு நாய்களும் ஓடுகிற மாதிரி, ஒரே அலைவரிசையில் யார் கூப்பிட்டாலும் இரண்டு காருமே வரும். அந்த நாளில் வெளிநாட்டுப் பந்தயக் களங்களில் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையையே பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு துண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பலகையில் துணி கிளிப் குத்தியிருக்கும், உன் அலைவரிசைக்கான கிளிப் பலகையில் இருந்தால்தான் எடுத்துக்கொண்டு ரிமோட்டைப் போடலாம். எங்களுக்குக் கிளிப்பும் தெரியாது, பலகையும் தெரியாது. அரை மணி நேரம் சண்டை போட்டோம். பிறகு ஒரு ரிமோட்டை அணைத்துவிட்டு, மற்றதை வைத்து இரண்டு காரையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாக வளைந்து, இறக்கத்தில் ஒன்றாகப் பாய்ந்தன, தெப்பத்தில் இரண்டு விளக்கு சேர்ந்து மிதக்கிற மாதிரி. எட்டுப் பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். அன்றைக்குச் சுவரில் யாரும் எதுவும் எழுதவில்லை.

லஸ் பக்கம் நடைபாதையில் ஆழ்வார் கடை இருந்தது. மயிலாப்பூரில் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பழைய புத்தகக் குவியல் தெரியும். அப்பா எனக்கு வேறெதற்கோ புத்தகம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் டாமியாவின் கிராஸ்ஹாப்பர் கார் விளம்பரத்தைப் பார்த்தேன். ஜப்பானின் ஷிஸுவோக்காவில் இருக்கிற கம்பெனி. 1976-இல் போர்ஷே 934 மாதிரியை ரேடியோவில் ஓடுகிற காராகக் கொண்டுவந்தவர்கள், அளவு பிசகக் கூடாது என்று நிஜப் போர்ஷே கார் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர்கள். கிராஸ்ஹாப்பர் 1984-இல் வந்தது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே. நத்தை மாதிரி ஊர்ந்து பழகவும் முடியும், முழு வேகத்தில் பாயவும் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக அது ஒரு பெட்டி நிறைய உதிரிப் பாகமாக வரும்; நீதான் ஸ்குரூ முடுக்கிக் காராக்க வேண்டும். இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த நாட்டில், நாங்கள் வாங்க நினைக்கக்கூட இல்லை. அந்தப் பக்கத்தைக் கணக்கு நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். பர்மா பஜாரில் இருக்கும் என்று யாரோ சொல்லி, மந்தைவெளியில் பஸ் ஏறிப் பாரிமுனையில் இறங்கி, பீச் ஸ்டேஷன் எதிரே கடை கடையாக விசாரித்ததும் உண்டு. டேப் ரிக்கார்டர் இருந்தது, சென்ட் பாட்டில் இருந்தது, எலக்ட்ரானிக் வாட்ச் இருந்தது.

போன மாசம் அடையாறிலிருந்து தங்கை மகன் கூப்பிட்டான். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

"மாமா, நாங்க நாலு பேரு சேர்ந்து ஆர்.சி. கார் வாங்கலாம்னு இருக்கோம். சும்மா சண்டேல ரேஸ் விடத்தான். எது வாங்கலாம், சொல்லுங்களேன்?"

இந்தக் கேள்விக்காக நான் நாற்பது வருஷமாகக் காத்திருந்தேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அன்று சாயங்காலமே அடையாறு காந்தி நகரில் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நாலு பேரும் நாலு போனில் நாலு கார் காட்டினார்கள். ஒருவன் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று போட்டிருந்ததைக் காட்டினான், இன்னொருவன் பெரிய சக்கரம் வைத்த மான்ஸ்டர் டிரக், மூன்றாமவன் வழுக்கிக்கொண்டே திரும்புகிற டிரிஃப்ட் கார். எல்லாமே நல்ல கார்தான். ஆனால் நாலும் ஒரே மாடியில் ஓடினால், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருவன் எப்போதும் ஜெயிப்பான், மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நாலு பேரும் ஒரே கார் வாங்குங்கடா," என்றேன். "ஒரே மாடல், ஒரே மோட்டார், ஒரே பேட்டரி. கலர் மட்டும் வேற."

அதுதான் நான் அவர்களுக்குச் சொன்னதில் முக்கியமானது. மற்றதெல்லாம் விவரம். ஆனால் விவரத்தையும் விடாமல் சொன்னேன். பொத்தான் அழுத்துகிற பொம்மை வேண்டாம். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப வேகமும் திருப்பமும் மாறுகிற ரிமோட் வேண்டும், ஒரு கியர் உடைந்தால் அந்தக் கியரை மட்டும் தனியாக வாங்க முடிகிற கார் வேண்டும். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுக் கார் ஒன்றரை அடிக்குக் கிட்ட இருக்கும், அதற்கு மைதானம் தேவை. அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடிக்குப் பதினெட்டில் ஒரு பங்கோ பதினாறில் ஒரு பங்கோ போதும். ஹாலுக்குள் ஓட்ட ஆசையிருந்தால் கியோஷோவின் மினி-இசட் மாதிரி இருபத்தெட்டில் ஒரு பங்கு, உள்ளங்கையில் உட்காருகிற சைஸ். மோட்டார் பிரஷ் வைத்ததே இருக்கட்டும், விலையும் குறைவு, கையும் பழகும். நாலு சக்கரத்திலும் இழுவை இருந்தால் புதியவர்கள் கையில் சுழன்று போகாது. வேகத்தைப் பாதியாகக் கட்டிவைக்கிற வசதி ரிமோட்டில் இருந்தால் முதல் மாசம் அதைப் போட்டே ஓட்டுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேலே, உங்கள் மாடி முடிந்துபோய்விடும். எலியட்ஸ் பீச்சுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். மணல் கியரைத் தின்றுவிடும், உப்புக்காற்று பேரிங்கைத் துருப்பிடிக்கவைக்கும்.

விலையைப் பார்த்து ஒருவன் முகம் சுருங்கியது. 2020-இல் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். குழந்தை வாயில் வைக்கிற பொம்மைக்கு அந்த முத்திரை அவசியம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் இறக்குமதிக் கதவு என் பன்னிரண்டு வயதில் சாத்தியிருந்தது, நடுவில் 2001-இல் அகலத் திறந்து ரங்கநாதன் தெரு நடைபாதை முழுக்கச் சீனப் பொம்மையாகக் கொட்டியது, இப்போது மறுபடியும் பாதி மூடியிருக்கிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு பையனின் கணக்கு நோட்டில்தான் அது இடிக்கிறது.

கடையில் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று அவர்களைத் தி. நகருக்குக் கூட்டிப்போனேன். பாண்டி பஜார் 2019-க்குப் பிறகு அகலமான நடைபாதையும் உட்காரப் பெஞ்சுமாக அழகாகிவிட்டது. நடக்க சுகமாக இருக்கிறது. ஆனால் நடைபாதையில் சாவி கொடுத்த குரங்கு ஜால்ரா தட்டுவதையும், தண்ணீர்த் தொட்டியில் தகரப் படகு படபடவென்று சுற்றுவதையும் நின்று பார்த்து, வாங்காமலே ஒரு மணி நேரத்தைக் கழித்த இடத்தில், இப்போது நிற்பதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. பையன்கள் பனகல் பார்க் பக்கம் ஜூஸ் குடித்துக்கொண்டே போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் நாலு பெட்டி வந்துவிட்டது. இரண்டே நாள். கொலுவுக்கு நாங்கள் காத்திருந்தது ஒன்பது நாள்.

பேட்டரியைப் பற்றி மட்டும் நான் தாய்மாமனாகப் பேசினேன். லித்தியம் பாலிமர் பேட்டரி, இரண்டு செல், 7.4 வோல்ட். ஒரு செல் 4.2-க்கு மேலே ஏறக் கூடாது, 3-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. ஒரு வாரம் சும்மா இருக்கப்போகிறது என்றால் செல்லுக்கு 3.8-இல் நிறுத்தி வைக்க வேண்டும். உப்பிக்கொண்டால் அன்றோடு விட்டுவிட வேண்டும்.

"வெயில்ல மட்டும் வெக்கவே வெக்காதீங்க," என்று நான் சொல்லும்போதே எனக்குத் தொண்டையில் ஏதோ மாதிரி இருந்தது.

"வெயில்ல யாராவது பேட்டரிய வெப்பாங்களா மாமா?" என்றான் அவன்.

பந்தயம் என்று பேச்சு வந்ததும் சோழவரத்தைப் பற்றியும் அவர்களுக்குச் சொன்னேன். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. மாமா ஒருவர் என்னைக் கூட்டிப்போய், வெயிலில் துண்டைப் போட்டு உட்காரவைத்தார். திரும்பி வந்த மறுநாள் எங்கள் மாடியின் தண்ணீர்க் குழாய்த் திருப்பத்துக்குச் சோழவரம் திருப்பம் என்றே பெயர் வைத்துவிட்டோம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் பஸ்ஸில் போகிற ரோட்டிலேயே மூன்றரை கிலோமீட்டர் தடம் போட்டு, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓடியது. அதைப் பார்த்த சூட்டில்தான் இந்தப் பையன்களுக்கும் ஆசை பிறந்திருக்கிறது. ஊரே தடமாகிவிட்டதைப் பார்த்த பிள்ளைகளுக்கு மொட்டை மாடி தடமாவது பெரிய விஷயமில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். சிமெண்ட் மாடி, சோலார் பலகை ஒரு பக்கம், ஏ.சி. பெட்டிகள் இன்னொரு பக்கம், சிண்டெக்ஸ் தொட்டிக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை மாதிரி இடுக்கு. வடாம் இல்லை. நாலு காரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், ஒருமுறை ஜோடி சேர்த்துவிட்டால் அந்தக் காருக்கு அந்தக் குரல் மட்டும்தான் கேட்கும். நாற்பது கார் ஓடினாலும் ஒன்றின் பேச்சு இன்னொன்றின் காதில் விழாது. நாலும் புறப்பட்டு நாலு விதமாக வளைந்தன. இவர்களுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை, ஆச்சரியப்பட அதில் என்ன இருக்கிறது? நான் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் அழுத்தினால் இரண்டும் ஓடிய அந்த மஞ்சளையும் சிவப்பையும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கார் வாங்கச் சொன்னது சரியாகத்தான் போயிற்று; மூன்றாவது ரவுண்டு வரைக்கும் யார் முன்னால் வருவான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, தொட்டிக்கு அடியிலிருந்து எது முதலில் வெளியே வருகிறது என்று பார்க்கக் கீழ்வீட்டுக் குழந்தைகளும் ஏறி வந்துவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் ஒருவனின் பேட்டரி தீர்ந்தது. சூடு ஆறி, சார்ஜ் ஏறி, திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். அவன் ஓரமாகப் போய் நின்று போனை எடுக்கப் பார்த்தான். தங்கை மகன் ஓடிக்கொண்டிருந்த காரைக் கோட்டருகே கொண்டுவந்து நிறுத்தினான்.

"டேய், இந்தா, நீ ஒரு ரவுண்டு ஓட்டு. அப்புறம் நான்."

அவன் ஓட்டும்போது மூன்று பேரும் பார்த்தார்கள். ஒருவன் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டான். 29.4 என்றது. அடுத்தவன் வாங்கி ஓட்டினான். மற்ற இரண்டு கார்களும் கவனிப்பாரில்லாமல் ஓரத்தில் நின்றன. கீழ்வீட்டுக் குழந்தைகளில் ஒன்று செங்கல் துண்டை எடுத்துத் தரையில் அந்த எண்களை எழுத ஆரம்பித்தது, யாரும் சொல்லவில்லை.

"மாமா, நீங்க வாங்க."

ரிமோட்டைக் கையில் கொடுத்தார்கள். துப்பாக்கி மாதிரி விசை, பக்கவாட்டில் திருப்புகிற சக்கரம். பிளாஸ்டிக்கில் மூன்று பேரின் கைச்சூடு அப்படியே இருந்தது. புறப்படுவதற்கு முன் என் இடது கை தானாக மேலே போய், அங்கே இல்லாத ஆன்டெனாவை இழுத்தது.